உணர்வை அறியும் வழி: பூதவாதி முதல் மூளையாய்வு வரை

மெர்போக் வட்டாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு, பழங்கடாரத்தின் வாணிகத்தையும் வழிபாட்டையும் நமக்குக் காட்டுகின்றது. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ கெடாவின் புக்கிட் மெரியமில் கண்டெடுத்த பௌத்தக் கல்வெட்டு, வினை பெருகுவதற்கு அறியாமையே காரணம் என்கின்றது. அறிவு, உணர்வு பற்றிய வினா இம்மண்ணுக்குப் புதிதன்று.

தமிழில் அவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய நூல் மணிமேகலை. அதன் 27ஆம் காதையில் வரும் பூதவாதி, பூவும் வெல்லமும் பிறவும் கூடியவிடத்துக் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு தோன்றும் என்கிறான். காட்சியன்றிப் பிற அளவைகளை அவன் ஏற்பதில்லை. மணிமேகலையோ, உன் தாய்தந்தையரைக் கருதலளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று வினவுகிறாள். உணர்வு எதிலிருந்து தோன்றுகிறது, அதனை எவ்வாறு அறிவது என்னும் இரு வினாக்களும் இன்றைய மூளையியலுக்கும் உரியனவே.

1951இல் தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் கையிழந்தோரை ஆராய்ந்தார். சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொடுகை தோன்றியது. ஒரு நிலைக்கண்ணாடியில் எஞ்சிய கையின் நிழலைக் கண்டபோது, இழந்த கை அசைவதாகச் சிலர் உணர்ந்தனர். நம் உடல் பற்றிய உணர்வை மூளையே கட்டமைக்கிறது என்பதற்கு இது எளிய சான்று.

அக்கட்டமைப்பை விளக்கும் கோட்பாடுகளுள் இரண்டு பெரிதும் பேசப்படுகின்றன. 1988இல் பெர்னார்ட் பார்ஸ் முன்வைத்தது முதலாவது. தோட்டத்தில் அவரவர் நிரையில் நடப்பது அவரவர்க்கே தெரியும். பெரட்டில் அறிவிக்கப்படுவது அனைவர்க்கும் தெரியும். அவ்வாறே, மூளை முழுவதற்கும் பரப்பப்படும் செய்தியே உணர்வாகிறது என்பது இக்கோட்பாடு. 2004இல் ஜூலியோ தொனோனி வகுத்தது மற்றொன்று. பகுதிகள் பிரிக்கவியலாதவாறு ஒருங்கிணையும் அளவே உணர்வின் அளவு என்பது அதன் கருத்து.

இரு தரப்பாரும் தத்தம் கணிப்புகளை முன்கூட்டியே எழுதிவைத்து, 256 பேரிடம் நடத்திய கூட்டாய்வு 2025இல் வெளிவந்தது. காட்சி மறையும் கணத்தில் முதற்கோட்பாடு எதிர்பார்த்த எழுச்சி பெரும்பாலும் காணப்படவில்லை. மூளையின் பின்பகுதியில் மற்றது எதிர்பார்த்த நீடித்த ஒத்திசைவும் காணப்படவில்லை. உணர்வின் மூளைத் தடம் 25 ஆண்டுகளில் தெளிவாகும் என 1998இல் பந்தயம் கட்டிய கிறிஸ்டோஃப் காக், 2023இல் மெய்யியலார் டேவிட் சால்மர்சுக்கு மது வழங்கித் தோல்வியை ஏற்றார்.

கோட்பாடு முடிவாகாத நிலையிலும் சோதனை பயன் தந்துள்ளது. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்துக்குப்பின் எவ்வித எதிர்வினையும் காட்டாதிருந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமுள்ளோரிடம் இயங்கும் அதே மூளைப்பகுதி அவரிடமும் இயங்கியது. 2024இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்குப் புறத்தே எதிர்வினை காட்டாத 241 பேருள் 60 பேரின் மூளை கட்டளையைப் பின்பற்றியது. உள்ளிருக்கும் உணர்வைக் காட்சியால் அறிய இயலாதபோது, கருதலளவையே வழிகாட்டியது.

இங்குத்தான் மொழிக்கும் ஒரு கடமை உண்டு. மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தாரிடம் நாம் "நினைவில்லை" என்னும் ஒரே சொல்லைச் சொல்கிறோம். கண் திறந்திருப்பது விழிப்பு. அகத்தே அறிந்திருப்பது உணர்வு. புறத்தே காட்டுவது துலங்கல். துலங்கல் இல்லை என்பதனால் உணர்வு இல்லை என்று ஆகாது. இம்மூன்றையும் வேறுபடுத்திச் சொல்லத் தமிழில் சொற்கள் உள்ளன. அவற்றை வேறுபடுத்தியே வழங்குவோமாயின், படுக்கையருகே அமர்ந்திருப்போர் நோயாளியிடம் பேசுவதை நிறுத்தமாட்டார்கள்.