பொம்மை நெஞ்சில் ஒரு சுருள்வில்

நின்றுபோன இதயத்தை, மார்பைத் திறவாமலே கைகளால் அழுத்தி இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்று அமெரிக்காவில் கௌவென்ஹோவன் குழுவினர் 1960இல் அறிவித்தனர். அவர் மருத்துவரல்லர், மின்பொறியியல் பேராசிரியர்!

இதை எப்படிப் பழகுவது? உயிருள்ளவர் நெஞ்சில் பழகினால் விலா எலும்பு முறியலாம். நார்வேயில் பொம்மை செய்துவந்த லார்டால், வாயோடு வாய் வைத்துக் காற்றூதிப் பழக ஆளுயர பொம்மை ஒன்றைச் செய்திருந்தார். மருத்துவர் சாஃபரின் யோசனைப்படி அதன் மார்பில் சுருள்வில் பொருத்தினார். ஹூக் விதிக்கு நாம் வகுப்பில் காட்டும் அதே வில்தான். அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடும். ஆழத்தைக் கையே உணரும். இன்றைய அளவு 5 முதல் 6 செ.மீ., நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. கரும்பலகையில் எழுதிப் போட்டால் இது வராது.

வந்தாலும் தங்குவதில்லை. சில மாதங்களிலேயே பலருக்குக் கை மறந்துவிடுகிறது. சான்றிதழோ இரண்டாண்டு செல்லும். ஆகவே இப்போது சில மருத்துவமனைகளில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊழியர்கள் சில நிமிடம் பொம்மையை அழுத்திக் காட்ட வேண்டும்.