நாட்டிய அரங்கிலிருந்து காரைக்குடிக்கு: குமாரி கமலா

பேசும்படத்தின் தொடக்கக் காலத்தில், விளம்பரங்களுக்கு முகம் காட்டும் மாடலிங் ஒரு தனித்தொழிலாகத் தமிழ்நாட்டில் வேரூன்றியிருக்கவில்லை. 1941இல் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் முதல் இந்திய நடிகையாகத் தோன்றிய லீலா சிட்னிஸ், அதற்கு முன்பே இந்தித் திரையில் புகழ்பெற்றுவிட்டவர் என்பதிலிருந்து, அந்நாளில் விளம்பரமே திரையைத் தேடிச் சென்றது புலனாகும். திரைக்கு வேண்டிய புதுமுகங்களை நாடகமேடையும் நாட்டிய அரங்குமே வழங்கின; அவற்றுள் நாட்டியத்தின் பங்கை விளக்க, குமாரி கமலாவைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

1934இல் மாயவரத்தில் பிறந்த கமலா, 1938 முதலே இந்திப் படங்களில் குழந்தை நட்சத்திரமாகத் தோன்றினார். பின்னர் வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் பயின்று, 1945இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் 'ஸ்ரீ வள்ளி'யில் இடம்பெற்றார். போர்க்கால நெருக்கடியால் சென்னையில் படமெடுப்பது கடினமாகவே, செட்டியார் தம் சொந்த ஊரான காரைக்குடியில், தேவகோட்டை சாலையில் ஸ்டுடியோ அமைத்து, ப. நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகத்தைத் தாமே இயக்கி, 'நாம் இருவர்' என்ற பெயரில் 1947 ஜனவரியில் வெளியிட்டார்.

அப்படத்தில் பாரதியார் பாடல்களை டி.கே. பட்டம்மாள் பாட, பன்னிரண்டு வயதுக் கமலா ஆடினார். பாடலை முதலில் பதிவுசெய்து, படப்பிடிப்பின்போது ஒலிபெருக்கியில் இசைக்கவிட்டு, அதற்கேற்ப நடிகரை வாயசைக்கச் செய்வதே பின்னணிப் பாடல் முறை; இதனால் பாடும் சுமை நீங்கிய நாட்டியக்காரர், அடவு எனப்படும் தாளக்கட்டுள்ள அடியசைவுகளிலும், பொருளை முகத்தாலும் கையாலும் உணர்த்தும் அபிநயத்திலும் முழுக்கவனம் செலுத்த முடிந்தது. காந்தியடிகளைப் போற்றும் பாடலுக்கு எம்.எஸ். ராஜேஸ்வரி குரல் கொடுத்தார். விடுதலைக்குச் சில மாதங்களே இருந்த அவ்வேளையில், சபாக் கச்சேரிகளுக்குப் போக வாய்ப்பில்லாத சிற்றூர் மக்களிடம் பரதத்தைக் கொண்டு சேர்த்ததில், எந்த அரங்கமும் செய்யாத பணியைக் காரைக்குடியில் உருவான இந்த ஒரு படம் செய்தது எனலாம். தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது என்பதை இங்கே சேர்த்து எண்ண வேண்டும்: தேவதாசிகள் உள்ளிட்ட பரம்பரைக் கலைஞர்கள் காலங்காலமாகக் காத்த கலை, வேறு குடும்பங்களின் பெண்கள் வழியாகப் பொதுமக்களின் மதிப்பைப் பெற்ற காலம் அது; ஆனால் அந்த மதிப்பில் உரிய பங்கு பரம்பரைக் கலைஞர்களுக்குக் கிட்டாமற்போனது பெருந்துயரம்.

'கொஞ்சும் சலங்கை' (1962) உட்படப் பல படங்களில் ஆடிய கமலா, 1970இல் பத்மபூஷண் பெற்று, பின்னர் நியூயார்க்கில் குடியேறிப் பரதம் கற்பித்தார். காரைக்குடி ஸ்டுடியோவோ, 'வேதாள உலக'த்துக்குப் (1948) பின் கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும் நாட்டிய அரங்கிலிருந்து புதுமுகம் தேடும், காரைக்குடியில் உறுதிப்பட்ட வழக்கத்தைச் செட்டியாரின் ஏவி.எம். நிறுவனம் கைவிடவில்லை; 1949இல் 'வாழ்க்கை' படத்துக்குக் கதாநாயகி தேவைப்பட்டபோது, அந்நிறுவனம் தேர்ந்தெடுத்த வைஜயந்திமாலாவும் வழுவூராரிடம் பயின்ற நாட்டியக்காரரே.