தோட்டத்தில் பிறந்த ஏடுகள்

பத்திரிகையென்றால் அச்சு இயந்திரம், முதலாளி, விளம்பரம் ஆகிய மூன்றும் வேண்டுமென்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். இம்மூன்றுமின்றி நம் மக்கள் நடத்திய ஏடுகளைப் பற்றி எழுதுவார் அரியர்.

கோலாலம்பூரில் 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019 வரை நடந்தது. அதன் தொண்டை நாம் குறைத்துக் கூறோம். ஆயினும் 1935-இல் சிங்கப்பூர்த் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் தோழர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசை’ வார ஏடாகத் தொடங்கியபோது விலை ஒரு காசுதான். 1920-களின் இறுதியில் தோட்டத்து ஆணுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40. மந்தகாலத்தில் அதுவும் சரிந்தது. கூலியை எண்ணி வாழ்பவன் வாங்கத்தக்க விலை எதுவென்று அறிந்தே ஒரு சங்கம் ஏடு நடத்தியது.

விலை மட்டுமா தடை? தோட்டத்துச் சாலையும் துரையின் சொத்து. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வரவேண்டும், பேச்சுரிமை வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். மனிதன் நுழைவதற்கே போராட வேண்டியிருந்த இடத்தில் காகிதம் எவ்வளவு எளிதாக நுழைந்திருக்கும்!

யுத்தத்திற்குப் பின் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கம் வேர்கொண்டது. 1946-இல் அம்மாநில இந்தியத் தொழிலாளர் சங்கத்தை முன்னின்று நடத்திய பி. பி. நாராயணன், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திற்கும் தலைமை தாங்கினார். அச்சங்கத்தின் தமிழ் ஏடுதான் ‘சங்கமணி’. சங்கத்தின் ஏடு தொழிலாளியின் ஏடே எனினும், சங்கத்தின் குரலும் தொழிலாளியின் குரலும் எப்போதும் ஒன்றல்லவே.

அவன் தன் குரலிலேயே பேசியது கையெழுத்துப் பத்திரிகையில்தான். 1950-களின் தொடக்கத்தில் ‘நேச’னின் கதை வகுப்பும் ‘முர’சின் மாணவர் மணிமன்றமும் எழுத்தாசையை மூட்டின. இளைஞர் மன்றங்கள் பள்ளிக்கூடத் தாள்களை மடித்துத் தைத்தன. கையெழுத்து அழகாயிருந்தவர் படியெடுப்பார். சித்திரம் வரையத் தெரிந்தவர் அட்டை செய்வார். ஒரே பிரதி லயத்திலிருந்து லயத்திற்குப் போகும். படிக்கத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் வாசித்துக் காட்டுவார். கடைசியில் வாசகர் அபிப்பிராயத்திற்கென்று வெற்றுப் பக்கங்கள் விடுவதும் கையெழுத்து ஏடுகளின் மரபு. எந்தத் தினசரி தன் வாசகனுக்கு அவ்வளவு இடம் கொடுத்தது? அவற்றில் வந்தவை யாவும் இலக்கியமென்று நாம் வாதாடவில்லை.

தமிழகத்திலும் இவ்வழி நடந்தோர் உண்டு. மு. கருணாநிதி மாணவப் பருவத்தில் ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942-இல் அவருடைய ‘முரசொலி’ பிறந்ததும் துண்டறிக்கையாகவே. சோவியத் ருஷியாவில் எழுத்தாளர்கள் தணிக்கைக்குத் தப்பக் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சிட்டுக் கைமாற்றினர். நம்மவருக்கோ வறுமையே முதல் தணிக்கை. சட்டம் அடுத்தது: 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி ஏட்டின் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது, 2012-இல்தான் அவ்விதி நீங்கியது.

‘முர’சின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் காத்து வருகிறது. ஒற்றைப் பிரதியாய் வாழ்ந்த கையெழுத்து ஏட்டிற்கு அப்பாக்கியம் ஏது? நீலாய், சிரம்பான் பக்கத்துத் தோட்டங்கள் பல வீட்டு மனைகளாயின, லயங்கள் இடிபட்டன, குடும்பங்கள் நகரத்திற்குப் பெயர்ந்தன. வீட்டில் பழைய தகரப்பெட்டி இருந்தால், அதை எறியுமுன் ஒருமுறை திறந்து பார்க்குமாறு நம் வாசகர்களை வேண்டுகிறோம்.