சுட்ட மண்ணும் ஒரு பள்ளிக்கூடமும்

ஜொகூரில் ஆயர் ஈத்தாம் வழியாகப் போனவர்கள், சாலையோரக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் மண்பாண்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் களிமண்ணைப் போன்ற சாதாரணப் பொருளையே பாடமாக வைத்து வளர்ந்த பள்ளி ஒன்று சென்னையில் உண்டு. ஆவடி முகாமில் தங்கி மலாயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர் பலர் கடைசியாகப் பார்த்த சென்னைதான் அது.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் அங்கே தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு ஒரு தொழிற்பள்ளியும் தொடங்கினார். மருத்துவருக்குக் களிமண்ணில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். உள்ளூர் மண்ணிலேயே நல்ல செங்கல்லும் ஓடும் பாண்டமும் செய்ய முடியும் என்று காட்டுவது அவருடைய நோக்கம். பிறகு அரசாங்கம் பள்ளியை ஏற்றது. இன்று அது எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரி. அங்குள்ள பழைய கட்டடத்தின் சிவப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

சிவப்பில் என்ன விசேஷம்? அதற்கு முந்திய சென்னை வெள்ளை நகரம். செங்கல் சுவரைக் கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்தால் மூடி, பளிங்குபோல் மின்னும்வரை தேய்ப்பார்கள். சாந்தில் வெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்வதுண்டு. நாட்டுச் செங்கல் ஒன்றுபோல் ஒன்று இராது. ஆகவே பூச்சு அதன் கோணலை மறைத்தது. செங்கல்லை வெளியே காட்டி நிறுத்துவதானால் அளவு பிசகக்கூடாது, சூடு சமமாக ஏற வேண்டும், இணைப்பும் மெல்லியதாக இருக்க வேண்டும். மறைக்க இடமில்லாத வேலை அது.

சுடுமண் அலங்காரம் இன்னும் கடினம். மண்ணை நீரில் கரைத்து, கல்லும் மணலும் நீக்கி, தெளிந்த வண்டலை அச்சில் அழுத்துகிறார்கள். காயும்போதும் சுடும்போதும் அது சுருங்கும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். கணக்குத் தப்பினால் இலைக்கொடி அடுத்த கல்லோடு சேராது.

இதையெல்லாம் வெள்ளைக்காரர் கொண்டுவந்து கற்றுக் கொடுத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஒப்பமாட்டேன். நம் கோபுரங்களில் பல, கீழே கல்லும் மேலே செங்கல்லுமாக நிற்பவை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கல்லில் பொறித்தான். அதற்குமுன் செங்கல் கோயில்கள் இருந்ததால்தானே அது பெருமையாயிற்று! ஐயனார் கோயில் குதிரைகளைச் செய்த குயவருக்குச் சூளையைப் பற்றி யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்? புதிதாக வந்தது, கட்டடக்கலைஞரின் வரைபடத்துக்கு ஒத்த அளவும் அச்சும்தான்.

அந்த வரைபடம் போட்டவர்களில் முக்கியமானவர் இராபர்ட் சிசோம். மாநிலக் கல்லூரியை வடிவமைத்த அவர், 1870களின் பிற்பகுதியில் இந்தக் கலைப்பள்ளிக்கும் தலைவரானார். 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றத்தில் செங்கல்லும் சுடுமண்ணும் பெரிய அளவில் கைகோத்தன. அதன் சிற்பிகளாக பிராசிங்டன், ஹென்றி இர்வின் பெயர்கள் நிலைத்தன. ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார் பெயரும் நிலைத்தது. அச்சில் மண்ணை அழுத்தியவர்களின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஜொகூரின் மழையிலும் புழுக்கத்திலும் நிற்கும் பழைய பள்ளிச் சுவர்களைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு சொல். செங்கல் ஈரத்தை வாங்கி வெளியே விடும். இடுக்கில் கெட்டி சிமெண்டை அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். அதோடு வரும் உப்பு உள்ளே படிந்து முகத்தை உரிக்கும். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. அது கெட்டால் சுரண்டி எடுத்துவிட்டு வேறு பூசலாம். நூறாண்டுச் செங்கல் உரிந்தால் அதற்கு ஈடான கல்லைத் தேடி எந்தச் சூளைக்குப் போவது?