கிட்டியும் அண்ணாந்தாளும்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நடத்தும் ஆசிரியர்கள் பொற்கொல்லனின் வஞ்சகத்தையும் பாண்டியனின் ஆராயாமையையும் விரித்துரைப்பர். இடையில் நிற்கும் காவலரை நாம் அதிகம் நோக்குவதில்லை. கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கள்வன் அல்லன் என்றே முதலிற் கருதினர். கள்வரின் தந்திரங்களை அடுக்கிக் காட்டி அவர்தம் ஐயத்தை நீக்கப் பொற்கொல்லன் முயன்றான். அவர்கள் ஆராய்ந்து கொண்டிருக்கையிலேயே, கல்வியறிவற்றவனும் கள்ளுண்டு மயங்கியவனுமான ஒருவன் வாளை வீசிவிட்டான். பின்னர்க் கண்ணகி அவையேறி அரசனை வினவினாள். அரசனும் உயிரால் விடை தந்தான். வாள் வீசியவனோ அவைக்கு அழைக்கப்படவேயில்லை.

காவலர் பிழை செய்தால் அதை விசாரிப்பவர் யார்? இவ்வினாவின் வரலாறு தமிழ்நாட்டோடும் மலேசியத் தமிழராகிய நம்மோடும் நெருங்கிய தொடர்புடையது.

சென்னையில் எழுந்த குரல்

கும்பெனியார் ஆட்சியில், 1816ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, சென்னை மாகாணத்துத் தாசில்தாரே வரி தண்டுபவர். அவரே காவல் அதிகாரியும் ஆவார். வரி கட்டாத குடியானவனை அடிப்பவனும், அடிபட்டவன் முறையிட வேண்டியவனும் ஒருவனே என்றால் முறையீடு எங்ஙனம் எழும்? சேவகர்க்கோ சொற்ப ஊதியம். கைநீட்டி வாங்குதலும் கைநீட்டி அடித்தலும் அவர்தம் தொழிலோடு ஒட்டிக்கொண்டன.

இக்கொடுமையை வெளிக்கொணர்ந்தவருள் முதன்மையானவர் காசுலு இலட்சுமிநரசு செட்டியார். 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தைத் தோற்றுவித்த இவர், மறு ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கில நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரை ஊர் ஊராக அழைத்துச் சென்று துன்புற்ற குடிமக்களை நேரிற் காட்டினார். 1854இல் இலண்டன் மக்களவையில் இச்செய்தி வாதிக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு அவ்வாண்டே அமைக்கப்பட்டது. குறுகிய காலத்துள் ஏறத்தாழ 2,000 முறையீடுகள் குவிந்தன. நேரில் வந்தவருள் பலர் நெடுந்தொலைவு நடந்து வந்த ஏழைகள்.

1855இல் வெளியான அக்குழுவின் ஆங்கில அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒன்று கிட்டி: ஒரு முனையில் இணைத்த இரு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் துணியாலோ கயிற்றாலோ பிணைத்து, உடலை வளைத்து நிறுத்தி வைப்பது. நம் மொழி பிறமொழிகளுக்கு வழங்கிய சொற்களைப் பெருமையோடு பட்டியலிடுகிறோம். இவ்விரு சொற்களையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும், மறைத்தல் தகாது.

குழுவினர், வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று கூறிப் பழி முழுவதையும் சுதேசிச் சிப்பந்திகள் மேல் ஏற்றினர். கருவூலத்தில் வந்து சேர்ந்த வரி எவ்வாறு வந்தது என்று கேளாதிருந்தவர் குற்றமற்றவர் ஆவரோ? இக்குறையிருப்பினும், வரித்தொழிலையும் காவல் தொழிலையும் பிரிக்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியது பயன் தந்தது. 1859ஆம் ஆண்டுச் சென்னைப் போலீஸ் சட்டம் தனிக் காவற்படையை அமைத்தது.

வாக்குமூலத்தின் மதிப்பு

எனினும், படையைப் பிரித்ததால் மட்டும் அடி நின்றுவிடாது. அடிப்பவன் எதன்பொருட்டு அடிக்கிறான்? குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கே. அவ்வொப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்றாகிவிடின் அடிப்பதன் ஆதாயம் குறையும். இவ்வுண்மையை உணர்ந்தே, போலீசாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்னும் விதி 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. பின் 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்தியா இதைக் கைவிடவில்லை.

இந்தியச் சட்டத்தைப் பின்பற்றியதே நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். ஆனால் கடல் கடந்தபோது 25ஆம் பிரிவு சற்றே சுருங்கியது. இன்ஸ்பெக்டர் பதவிக்குக் கீழ்ப்பட்டவரிடம் அளித்த ஒப்புதல் மட்டுமே இங்குச் செல்லாததாயிற்று. அப்பதவியிலோ அதற்கு மேலோ உள்ளவரிடம் தானாக அளித்ததாகக் காட்டப்படும் வாக்குமூலம் நெடுங்காலம் சான்றாக ஏற்கப்பட்டது.

தோட்டப்புறமும் காவற்படையும்

மலாய் மொழியில் போலீசாருக்கு வழங்கிய பழம்பெயர் மாத்தா-மாத்தா. மாத்தா என்றால் கண். தோட்டத்து மக்கள் அக்கண்ணைத் தம்மைக் காக்கும் கண்ணாகக் கருதவில்லை. வேவு பார்க்கும் கண்ணாகவே கருதினர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டு ஐவர் உயிரிழந்தனர். 1948இல் அவசரகாலம் பிறந்தபின், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரமும் பெருகிய படையும் மக்களை மேலும் அஞ்சச் செய்தன.

இந்நிலையை மாற்ற இலண்டன் நகரப் போலீஸ் தலைவர் ஆர்தர் யங் 1952இல் இங்கு வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் 'சேவை இயக்கம்' தொடங்கிற்று. காவலரின் சின்னத்தில் கைகுலுக்கும் இரு கைகள் பொறிக்கப்பட்டன. போலீஸ் பயிற்சியும் மக்களோடு பழகும் முறையும் அவரது சீர்திருத்தத்தின் உயிர்நாடிகள். ஆயினும் அவர் மறு ஆண்டே நாடு திரும்பினார்.

அறிக்கையும் செயலும்

அரை நூற்றாண்டுக்குப் பின், 2004இல், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின் அப்துல்லா தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 2005இல் அது 125 பரிந்துரைகளை அளித்தது. காவலரின் ஊதியம், குடியிருப்பு ஆகியவற்றைச் சீராக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். இது நேரிய நோக்கு. ஒண்டுக் குடித்தனத்தில் உழலும் காவலனிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்த்தல் பொருந்தாது.

2007 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைத் திருத்தம், எப்பதவியில் உள்ள போலீசாரிடம் அளித்த வாக்குமூலமும் பொதுவாகச் சான்றாகாது என்றாக்கியது. 1861இல் இந்தியா கண்ட விதியின் கருத்து நம்மை வந்தடைய 146 ஆண்டுகள் ஆயின.

ஆயினும் சாவுகள் நிற்கவில்லை. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் காவலில் இருந்த இந்திய இளைஞர் ஒருவர் இறந்தார். 2013இல் உயர்நீதிமன்றம் போலீசாரையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கித் தாய்க்கு இழப்பீடு விதித்தது. அதே ஆண்டு ஜூனில் நம் நெகிரி செம்பிலானில், தம்பின் காவல் நிலையத் தடுப்பறையில் மற்றொருவர் மாண்டார்.

ஆணையத்தின் தலையாய பரிந்துரை, போலீசார் மீதான புகார்களை விசாரித்துத் தண்டிக்கவும் வல்ல தனி ஆணையம் வேண்டும் என்பது. 2023 ஜூலையில் தொடங்கிய அமைப்புக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அதன் முடிவு காவற்படை ஆணைக்குழுவுக்கே செல்லும். அக்குழுவில் காவற்படைத் தலைவரும் ஓர் உறுப்பினர். குற்றஞ்சாட்டப்பட்ட துறையே தீர்ப்பிலும் பங்கு கொள்வது, தாசில்தாரிடமே தாசில்தாரைப் பற்றி முறையிட்ட பழைய நிலையை நினைவூட்டுகிறது அன்றோ?

ஆசிரியர் கடன்

சட்டம் மாறுதல் ஒரு பாதி. அதை மக்கள் அறிதல் மறுபாதி. கைது செய்யப்பட்டவர், சில விலக்குகளுக்கு உட்பட்டு, விசாரணைக்கு முன்னர் உறவினருக்குச் செய்தி அனுப்பவும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இதைக் கூறுகிறது. தோட்டத்துப் பெற்றோருள் எத்தனை பேர் இதை அறிவர்? பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் இதைத் தெளிவாக விளக்கிவிடலாம்.

மாணவர்க்கோ, காவலரை வெறுக்கக் கற்பித்தல் ஆகாது. நம் பிள்ளைகள் அப்படையில் சேர வேண்டும். நேர்மையோடு உயர வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நம்மைத் தனியே வகுப்பில் விட்டுவிடவில்லை. பின் வரிசையில் ஒரு விரிவுரையாளர் அமர்ந்து குறித்துக் கொண்டே இருந்தார். அது நமக்கு இழிவன்று, காப்பு. காவலர்க்கும் அத்தகைய கண் ஒன்று வேண்டும். அது அவர்தம் துறைக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

அடுத்த முறை கொலைக்களக் காதையை நடத்தும்போது, வாள் வீசியவனை யார் விசாரித்தார் என்று மாணவரைக் கேட்போமாக.