கொல்லைக் கோடியிலிருந்து படுக்கையறை வரை: பாத்ரூம் வந்த வழி

வீடு கட்டுறவங்க பாத்ரூமுக்கு டைல்ஸ் நிறம், ஷவர், கண்ணாடின்னு நிறைய யோசிப்பாங்க. ஆனா அது வீட்டுல எந்த இடத்துல வரணும்ங்கிற கேள்விக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு. அதை ஒரு சொல்லுல இருந்து தொடங்கலாம்: கக்கூஸ்.

இது டச்சு மொழியிலிருந்து வந்த சொல். மலாய் மொழியிலயும் இருக்கு. காரைக்கால்–தரங்கம்பாடி சாலையில இருக்கிற பூவத்தை நினைச்சுக்கோங்க. வடக்கே டேனிஷ்காரங்க இருந்த தரங்கம்பாடி, தெற்கே பிரெஞ்சுக்காரங்க இருந்த காரைக்கால், அதுக்கும் தெற்கே 1658 முதல் 1781 வரை டச்சுக்காரங்க கையில இருந்த நாகப்பட்டினம்.

அந்த டச்சுச் சொல்லோட பின்பாதிக்கு 'வீடு'ன்னு பொருள். நம்ம ஊர்லயும் அது தனிக் கட்டடம்தான். டெல்டாவின் பழைய ஓட்டு வீட்டுல திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை தாண்டினா கொல்லை. கிணற்றடியில குளியல், பக்கத்துல துவைக்கிற கல். குளிச்ச தண்ணி வாழைக்கும் தென்னைக்கும் பாயும். கக்கூஸ் இருந்தா, அது கொல்லைக் கோடியில. பல வீடுகள்ல அதுவும் கிடையாது. பெண்கள் இருட்டுறதுக்குக் காத்திருக்கணும்.

கோடியில வெச்சதுக்கு நாத்தம் மட்டும் காரணமில்ல. எடுப்புக் கக்கூஸை இன்னொருத்தர் கையால அள்ளணும். அவர் வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு பின்பக்கம் ஒரு சந்து, சுவர்ல ஒரு திறப்பு. சாதி அங்க வீட்டு பிளானாவே இருந்துச்சு. 1993-ல இதைத் தடை பண்ணிச் சட்டம் வந்தது. 2013 சட்டம், சாக்கடையிலயும் செப்டிக் டேங்கிலயும் பாதுகாப்பில்லாம ஆளை இறக்குறதையும் தடுத்தது. அப்புறமும் சாவு நிக்கல. 2017-ல திவ்யபாரதி எடுத்த ஆவணப்படத்தோட பேரே 'கக்கூஸ்'.

கழிப்பறையை வீட்டுக்குள்ள கொண்டுவந்தது ஒரு வளைஞ்ச குழாய். 1775-ல அலெக்சாண்டர் கம்மிங் லண்டன்ல அதுக்கு காப்புரிமை வாங்கினார். வளைவுல நிக்கிற தண்ணி நாத்தத்தை அடைச்சிடும். மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வந்ததும், அது படுக்கையறைக்குள்ளயே 'அட்டாச்டு பாத்ரூம்' ஆயிடுச்சு.

ஆனா தண்ணி வெளிய போற வழிதான் இன்னமும் முதல் கேள்வி. மொகஞ்சதாரோவுல 4,500 வருஷத்துக்கு முன்னாடியே வீட்டுக் குளியல் மேடையைப் பெரும்பாலும் தெருச்சுவரை ஒட்டிப் போட்டாங்க. தண்ணி நேரா தெரு வடிகாலுக்குப் போயிடும்.

பூவம் மாதிரி கடலோர ஊர்ல ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிலத்தடி நீர் மேல ஏறிடும். அதனால பிளான் போடுறப்ப முதல்ல உங்க கிணறு, போர், அப்புறம் பக்கத்து வீட்டுக் கிணறு எல்லாத்தையும் குறிங்க. குடிநீர் எடுக்கிற இடத்துக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேணும்னு இந்தியத் தரநிர்ணயம் சொல்லுது. குழி முடிவான பிறகு, அதுக்குக் கிட்ட இருக்கிற வெளிச்சுவரை ஒட்டி பாத்ரூமை வைங்க.

குளியலும் கழிப்பறையும் சேர்ந்ததுன்னா குறைஞ்சது 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். கதவுகிட்ட வாஷ்பேசின், நடுவுல டாய்லெட், கடைசியில ஜன்னலுக்குக் கீழ குளியல். தரைச் சரிவு கடைசிக்கு. அப்ப முன்பாதி எப்பவும் காஞ்சிருக்கும். வழுக்காது, பார்க்கவும் அழகா இருக்கும்.

கடைசியா ஒண்ணு. செப்டிக் டேங்க் மூடி மேல டைல்ஸ் ஒட்டி மறைக்காதீங்க. கழிவுநீர் லாரியோட குழாய் வந்து சேர வழி விடுங்க. அந்த வழி இல்லாத வீட்டுலதான், ஒரு மனுஷனை உள்ள இறக்குற பேச்சு வரும்.