பறக்கும் தட்டு பார்த்தேன்னு சொன்னா யார் விசாரிப்பாங்க? நார்வே பள்ளத்தாக்கில் கிடைத்தது என்ன?

"வானத்துல ஏதோ வெளிச்சம் போச்சு" என்று யாராவது சொன்னால் பலரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை நேரில் போய் விசாரிக்கிற தன்னார்வலர்களும் இருக்கிறார்கள்.

யார் இவங்க?
பறக்கும் தட்டு சம்பவங்களை ஆராய்ந்த 'ப்ளூ புக்' திட்டத்தை அமெரிக்க விமானப்படை 1969-ல் மூடியது. பதிவான 12,618 சம்பவங்களில் 701-க்கு விடை கிடைக்கவில்லை. அதே ஆண்டு தொடங்கிய 'மூஃபான்' என்ற தன்னார்வ அமைப்பு இன்றும் விசாரித்து வருகிறது.

எப்படி விசாரிக்கிறாங்க?
முதலில் நேரம், திசை, உயரம், எத்தனை நொடி தெரிந்தது என்று கேட்பார்கள். பிறகு அந்த நேரத்தில் வெள்ளிக் கிரகம் எங்கே இருந்தது, விமானம், பலூன், செயற்கைக்கோள் ஏதும் போனதா என்று சரிபார்ப்பார்கள். பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும்.

ஹெஸ்டாலனில் என்ன நடந்தது?
நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1981 இறுதியிலிருந்து மர்ம வெளிச்சங்கள் அடிக்கடி தெரிந்தன. 1983-ல் ஆர்வலர்கள் குழு அமைத்தனர். 1984 ஜனவரி, பிப்ரவரி குளிரில் கேமரா, ரேடார் வைத்து 5 வாரம் காத்திருந்து, 53 முறை வெளிச்சம் தெரிந்ததாகக் குறித்தனர். 1998-ல் தானியங்கிக் கண்காணிப்பு நிலையமும் வந்தது.

அப்போ வேற்றுகிரகவாசிகளா?
அதற்கு ஆதாரம் இல்லை. சில வெளிச்சங்கள் கார் ஹெட்லைட் என்று பின்னர் தெரியவந்தது. மீதிக்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

நீங்க பார்த்தா என்ன செய்யணும்?
மணியையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுக்கும்போது மரமோ கட்டடமோ சேர்ந்து தெரியட்டும். இல்லையென்றால் நகர்ந்தது அந்த வெளிச்சமா, உங்கள் கையா என்று யாராலும் சொல்ல முடியாது.